ஒரு படி இறங்கிய பாட்டு

அன்று மொட்டைமாடி அறையில் இருந்தவர்கள்: நான், செல்வின், பாண்டி, வாடகைக்கு எடுத்து வந்த ஒரு கீபோர்டு. இல்லாதவர்: இசை தெரிந்த யாராவது ஒருவர்.

மத்தியானம் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தோம். கைகளில் இன்னும் மெஷின் எண்ணெய் வாசனை. பாயின் நடுவே கீபோர்டை வைத்துவிட்டு, பாம்பைப் பிடித்துக் கூடையில் போட்டவர்கள் மாதிரி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் தொடவில்லை.

"தொட்டுப் பாரு மாப்ள, கடிக்காது" என்றான் பாண்டி.

"நீ தொடுல மொதல்ல" என்றான் செல்வின்.

"எனக்கா கல்யாணம்?"

செல்வின் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஒரு விரலை நீட்டி ஒரு கட்டையை அழுத்தினான். சத்தம் வரவில்லை. சுவிட்ச் போடவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனைக்கும் மூவரும் கம்பெனியில் லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷின் ஓட்டுகிறவர்கள்.

கேட்டில் சார், அறையில் மாமா

நடந்தது இதுதான். அப்போது நாங்கள் மூவரும் சுங்குவார்சத்திரத்தில் அந்த மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். செல்வின் திருநெல்வேலிப் பக்கம். பாண்டி உசிலம்பட்டி. நான் திருவண்ணாமலைப் பக்கம். மூவருக்கும் ஒரகடம் போகும் வழியில், தகட்டை அழுத்திக் கார் பாகம் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வின் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சுக்கு, அவன் பாஷையில் கோயிலுக்கு, போவான். பக்தி என்றுதான் நாங்கள் நினைத்தோம். பாடகர் குழுவில் மெர்சி என்று ஒரு பெண் இருக்கிறாள், வயர் கட்டும் கம்பெனியில் வேலை, எங்கள் ரூட்டிலேயே பஸ் ஏறுகிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அவளுடைய அப்பா ஞானதாஸ் எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. தினமும் சாயந்திரம் செல்வினின் சோற்று டப்பாவைத் திறந்து, போல்ட் நட்டு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவர். கோயிலில் அவர்தான் பாட்டுக்குப் பொறுப்பு. பழைய ஹார்மோனியத்தை எலி தின்றுவிட்டதால் பல வருஷமாக அவருடைய ட்ரம்பெட் ஒன்றுதான் அங்கே வாத்தியம்.

செல்வின் அவரை கேட்டில் 'சார்' என்பான். கோயிலில் 'ஐயா' என்பான். அறைக்குள் வந்தால் மட்டும் 'மாமா' என்பான்.

ஒரு ஞாயிறு அவர் இவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "இன்னா தம்பி, தின்னவேலிப் பக்கமா? அங்க சின்னப் புள்ளைங்ககூட நோட்ஸ் பாத்துப் பாடும்னு சொல்வாங்களே. நீ வாசிப்பியா?"

பக்கத்தில் மெர்சி நின்றிருக்கிறாள். இவன் "வாசிப்பேன் ஐயா" என்று சொல்லிவிட்டான்.

உண்மையில் ஊரில் பாடகர் குழுவில் செல்வினைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பிடியா! கிறிஸ்மஸ் பாட்டுக்கு நீ கீபோர்டு, நான் ட்ரம்பெட்டு. ஒயுங்கா வாசி. அதுக்கப்பறம் வூட்டுக்கு வா, பேசலாம்" என்று சொல்லி, ஒரு பாட்டுத்தாளையும் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வரச் சொன்னதன் அர்த்தம் மூவருக்கும் புரிந்தது. தாள்தான் புரியவில்லை.

எழுத்தாக இருந்தால் நான்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் சின்ன வயதிலிருந்தே காகிதத்தில் எது இருந்தாலும் என்னிடம் வரும். உர மூட்டையில் அச்சடித்தது, மருந்து பாட்டில் லேபிள், கோர்ட் சம்மன், கல்யாணப் பத்திரிகை எல்லாம். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து, "படிச்ச புள்ளதானே, என்னா எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார். நானும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கவலைப்பட ஒண்ணுமில்லை" என்றேன்.

அந்தப் பழக்கத்தில்தான் செல்வினின் தாளையும் வாங்கிப் பார்த்தேன். ஐந்து கோடு. அதன்மேல் வால் முளைத்த புள்ளிகள். தட்டான்பூச்சிகள் கரண்ட் கம்பியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "இதுவும் கம்பெனி டிராயிங் மாதிரிதான்டா, படிச்சிடலாம்" என்றேன்.

சென்னைக்குப் போய் நடைபாதைக் கடையில் மேல்நாட்டு இசைக்கு ஆரம்பப் புத்தகம் ஒன்று வாங்கிவந்தேன். இங்கிலீஷ் புத்தகம். அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கடைசிப் பக்கங்களில் வெவ்வேறு வாத்தியங்களின் படம் போட்டிருந்தது. படம்தானே என்று விட்டுவிட்டேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ, ஜிலேபி, பிஸ்கட்

முதல் பாடம் சுலபம். புள்ளி மேலே போனால் சத்தம் மேலே போகும், கீழே வந்தால் கீழே வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எழுத்து. கீழிருந்து மேலே இ, ஜி, பி, டி, எஃப். இதை மனப்பாடம் செய்யப் புத்தகத்தில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை.

பாண்டிதான் வழி சொன்னான். பஸ் ஸ்டாப் டீக்கடையை நினைத்துக்கொள்ளச் சொன்னான். ஈ, ஜிலேபி, பிஸ்கட், டீ, எஃகு டம்ளர். அந்தக் கடையில் முதலில் கண்ணில் படுவது ஈ என்பதால் வரிசைகூட மாறாது. செல்வின் இரண்டே நாளில் கோடுகளைப் படித்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து "டீ, பிஸ்கட், பிஸ்கட், ஜிலேபி" என்று அவன் முணுமுணுத்ததைக் கேட்ட கண்டக்டர், பசி போல என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

கட்டைகளில் எது சி என்பதற்குப் புத்தகமே குறுக்குவழி சொன்னது. கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நிற்கும். இரட்டைக் கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை, சி. இதைக் கற்ற மறுநாளே செல்வின் பஸ்ஸுக்காக நிற்கும்போது மெர்சியிடம் போய், பிறவியிலேயே தெரிந்தவன் மாதிரி சொல்லியிருக்கிறான்: "ரெட்டைக் கறுப்புக்கு எடது பக்கம் சி. இது தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் வரிசையா வந்துரும்." இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளத்துக்குப் பாண்டி. பெடலை மிதித்துத் தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்கிறவன், கால் தானாகவே சீராகத் தட்டும். ஒரே குறை, சூப்பர்வைசர் நினைப்பு வந்தால் வேகம் கூடிவிடும்.

மேஸ்திரி கட்டிய படிக்கட்டு

சிக்கல் சுருதியில் வந்தது. பாட்டுத்தாளின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், சின்ன பி எழுத்து மாதிரி ஒரு குறி நடுக்கோட்டில் நின்றது. ஃபிளாட் என்று பெயர். அந்தக் கோட்டில் வரும் எல்லாப் புள்ளிகளையும் அரைப்படி இறக்கி வாசி என்று அர்த்தம். இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் டிராயிங்கின் மூலையில் 'தனியாகக் குறிப்பிடாத இடத்திலெல்லாம் இதுவே அளவு' என்று எழுதியிருக்குமே, அதேதான்.

"ஏன் எறக்கணும்?" என்றான் செல்வின். நியாயமான கேள்வி. புத்தகம் இரண்டு பக்கம் விளக்கியது. எனக்குப் புரியவில்லை. புரியவைத்தது எங்கள் வீட்டுப் படிக்கட்டு.

மாடிக்கு வரும் கடைசி எட்டுப் படியை எந்த மேஸ்திரி கட்டினாரோ! மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே பாதி உயரம்தான். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவேயும் அப்படியே. மற்றதெல்லாம் முழு உயரம். புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டு இடத்திலும் காலைத் தூக்கி வெறும் காற்றில் வைத்து 'தொம்' என்று இறங்குவார்கள்.

ச-ரி-க-ம-வும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று எனக்குத் திடீரென்று விளங்கியது. கத்திக்கொண்டே கீழே ஓடி, படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறிக் காட்டினேன். மூன்று-நாலு, தொம். ஏழு-எட்டு, தொம். சி-யில் தொடங்கினால் இரண்டு தொம்மும் கறுப்புக் கட்டை இல்லாத இடத்திலேயே விழுந்துவிடும். அதனால் வெள்ளைக் கட்டை மட்டும் போதும். எங்கள் பாட்டு எஃப்-இல் தொடங்குகிறது. அங்கிருந்து எண்ணினால் நாலாம் படி வெள்ளையில் ரொம்ப உயரத்தில் நிற்கிறது. அதை அரைப்படி இறக்கினால்தான் தொம் சரியான இடத்தில் விழும். சுருதி என்பது படிக்கட்டைத் தூக்கி எந்தத் தரையில் வைக்கிறோம் என்பது. எங்கே வைத்தாலும் தடுக்கும் இடம் மாறக்கூடாது.

கீழ் வீட்டிலிருந்து ஓனர் எட்டிப் பார்த்து, "படி சரியில்லன்னா நேரா சொல்லுப்பா, ஏன் பாட்டு பாடிச் சொல்ற?" என்றார்.

விரல் தவறாமல் இருக்கக் கட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டினோம். கம்பெனியில் நல்ல பீஸுக்குப் பச்சை, கழித்ததற்குச் சிவப்பு என்று ஒட்டுவோமே, அதே மாதிரி வட்ட ஸ்டிக்கர் கடையில் வாங்கி, வெள்ளைக் கட்டைக்குப் பச்சை, அந்த ஒரு ஃபிளாட்டுக்குச் சிவப்பு. மேலே எழுத்து. செல்வின் தாளைப் பார்ப்பான், ஸ்டிக்கரைப் பார்ப்பான், அமுக்குவான். பாட்டு வந்தது! பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன், ஏன், ஏன்

கோயிலில் முதல் ஒத்திகை. ஞானதாஸ் ட்ரம்பெட்டைத் தூக்கினார். செல்வின் கையை வைத்தான். இருவரும் ஒரே தாள். ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

பிரேக் பிடிக்கும் லாரியும் கன்றைத் தொலைத்த எருமையும் ஒரே சந்தில் மாட்டிக்கொண்டது போல இருந்தது.

"இன்னா தம்பி இது? நோட்ஸ் தெரியும்னியே?" என்றார். மெர்சி தரையைப் பார்த்தாள்.

"கட்டை கொஞ்சம் புதுசு ஐயா. வர்ற வாரம் சரி பண்ணிருதேன்."

அறைக்கு வந்ததும் கம்பெனி முறைப்படி உட்கார்ந்தோம். எந்தப் பீஸ் கெட்டாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழில் மந்திரம். நான் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். பாட்டு ஏன் நாறியது? கீபோர்டும் ட்ரம்பெட்டும் ஒட்டவில்லை. செல்வின் ஏன் கீபோர்டில் உட்கார்ந்தான்? தெரியும் என்று சொன்னதால். ஏன் சொன்னான்? மெர்சி பக்கத்தில் நின்றாள். நின்றால் ஏன்?

"சிரிச்சால்ல" என்றான் செல்வின்.

"மூலக்காரணம் கெடச்சிருச்சு. அந்தப் புள்ளையச் சிரிக்க வேணாம்னு சொல்லிரு" என்றான் பாண்டி.

மறுநாள் நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத் தனியாகப் போய், "ஐயா, ஒரு தடவை சி மட்டும் ஊதிக் காட்டுறீங்களா, கேக்க ஆசையா இருக்கு" என்றேன். பெருமையாக ஊதினார். கீபோர்டில் தேடினேன். அவருடைய சி, எங்கள் சி-க்கு, கறுப்பையும் சேர்த்து எண்ணினால், இரண்டு கட்டை கீழே இருந்தது. டி, இ எல்லாம் கேட்டேன். எல்லாமே இரண்டு கட்டை கீழே. ஒவ்வொரு பீஸிலும் ஒரே அளவு குறை என்றால் ஆள் மேல் தப்பில்லை, செட்டிங்தான் என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும்.

ஓடிவந்து புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். நான் படம் என்று தள்ளிய பக்கம். ட்ரம்பெட் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. அந்த வகை ட்ரம்பெட்டில் சி என்று எழுதியதை ஊதினால் பி ஃபிளாட்தான் கேட்கும். அதன் படிக்கட்டு பிறவியிலேயே ஒரு முழுப்படி பள்ளத்தில் நிற்கிறது. இத்தனை வருஷம் தனியாக ஊதியதால் யாருக்கும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு. போயி அவருட்ட சொல்லிருவோம்" என்றேன்.

"ஏல, உனக்குக் கூறு இருக்கா? பொண்ணு கேக்கப் போற எடத்துல, 'மாமா, உங்க ட்ரம்பெட்டு எறங்கிக் கெடக்கு'ன்னு சொல்லச் சொல்லுதியா? டப்பாவ மட்டுமா தொறந்து பாப்பாரு, என் மண்டையவும் தொறந்து பாத்துருவாரு."

அப்படியானால் கீபோர்டு இறங்க வேண்டும். இப்போது வரும் கீபோர்டுகளில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. எங்கள் வாடகைக் கீபோர்டில் அது இல்லை. மூன்று ஃபிளாட் போட்ட புது சுருதியைக் கற்கச் செல்வினுக்கு நாளும் இல்லை, மூளையும் இல்லை என்று அவனே சொன்னான்.

பாண்டி ஒரு கையில் முட்டைக்கோசோடு கீபோர்டைப் பார்த்தான். "ஸ்டிக்கர உரிச்சு ரெண்டு கட்டை தள்ளி ஒட்டிட்டா?"

நானும் செல்வினும் அவனைப் பார்த்தோம். அதுதான் தீர்வு! எஃப் ஸ்டிக்கர் கறுப்புக் கட்டைக்குப் போனது. சி ஸ்டிக்கரும் கறுப்புக்கு. செல்வின் பழையபடியே தாளைப் பார்த்து ஸ்டிக்கரை அமுக்கினால் போதும், பாட்டே ஒரு முழுப்படி இறங்கிவிடும்.

அடுத்த ஒத்திகையில் இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன. "இப்ப கரெக்டு! பாத்தியா, நான் சொன்னப்பறம்தான் ஒயுங்கா வாசிக்கிற" என்றார் ஞானதாஸ்.

எல்லாரும் சரி

கிறிஸ்துமஸ் சாயந்திரம். கோயில் நிறைய ஜனம். நானும் பாண்டியும் பின்வரிசையில் நின்றோம். எல்லோரும் எழுந்து நிற்க, சபைக் குருவான ஐயர் தலையசைக்க, பாட்டு தொடங்கியது.

லாரியும் எருமையும் திரும்ப வந்துவிட்டன.

எக்கிப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர் எல்லாம் வெள்ளைக் கட்டைகளில் அழகாக, வரிசையாக, புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தன. செல்வினோ கட்டையைப் பார்க்கிறவன் இல்லை, ஸ்டிக்கரை நம்பி வாழ்கிறவன். வேர்த்து ஊற்ற அமுக்கிக்கொண்டே இருந்தான்.

கீழே இறக்கு என்பதற்காக அவனைப் பார்த்து இரண்டு கையாலும் சைகை காட்டினேன். என் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசை உட்கார்ந்தது. மொத்தச் சபையும் உட்கார்ந்துவிட்டது. பதற்றத்தில் பாண்டியின் கால் வேகம் பிடித்தது. செல்வின் அந்தக் காலைத்தான் தாளமாகக் கேட்டு வந்தவன், அவனும் வேகம் பிடித்தான்.

ஞானதாஸ் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். எச்சிலை உதறினார். செல்வினின் கையும் கட்டையை விட்டது.

"டேய். இன்னாடா இது?"

பாடகர் வரிசையிலிருந்து மெர்சி முன்னால் வந்தாள். "அப்பா, அவர ஒண்ணியும் சொல்லாத. நான்தான் ஸ்டிக்கர மாத்துனேன்."

"இன்னா ஸ்டிக்கரு?"

"எல்லாம் தப்புத் தப்பா ஒட்டிகினு கீதுப்பா. கறுப்புக் கட்டைல போயி சி கீது. ரெட்டைக் கறுப்புக்கு எடது பக்கம்தான் சின்னு அவரே சொல்லிக் குடுத்தாரு. மறந்துட்டாரு போல, சபைல அசிங்கப்படுவாரேன்னு ஆராதனைக்கு முன்னாடி நானே சரி பண்ணி ஒட்டினேன்."

செல்வின் எழுந்து நின்றான். கம்பெனி கேட்டில் நிற்கிற மாதிரியே கையை ஒட்டி நின்றான்.

"அது தப்பா ஒட்டல மாமா" என்றான்.

மாமா! முழுச் சபையும் கேட்டது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க ட்ரம்பெட்டு செஞ்சதே அப்பிடித்தான் மாமா. எழுதினதுக்கு ஒரு படி கீழதான் அதுல சத்தம் வரும். உங்களுக்கு ஏத்த மாதிரி பாட்ட எறக்கத்தான் ஸ்டிக்கரத் தள்ளி ஒட்டினோம். அதுவும் இவன் படிச்சுச் சொன்னது. எனக்கு நோட்ஸே தெரியாது. உங்ககிட்ட சும்மா சொல்லிட்டேன்."

"அப்போ இத்தினி வருசமா நான் ஊதினது தப்புன்றியா?"

"இல்ல மாமா, நீங்க ஊதினது சரி. தாள்ல இருக்கதும் சரி. நான் வாசிச்சதும் சரி. மெர்சி ஒட்டினதும் சரிதான்."

"அல்லாரும் கரெக்டுன்னா எவன்டா தப்பு?"

"ஸ்டிக்கரு!" என்றான் பாண்டி பின்னாலிருந்து.

முதலில் யாரோ ஒரு பாட்டி சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. ஞானதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ட்ரம்பெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், சோற்று டப்பாவுக்குள் போல்ட் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

"எடுத்து ஒட்டுங்க" என்றார்.

ஐயர் நிலைமையைச் சமாளிக்க ஒரு நீண்ட ஜெபம் தொடங்கினார். உலக சமாதானத்தில் தொடங்கி, மழை, ஏரி, கம்பெனிகள், ஓவர்டைம் கிடைக்காதவர்கள் வரைக்கும் போனார். அந்த ஜெபம் முடியும்வரை செல்வினும் மெர்சியும் தலையோடு தலை சேர்த்து, ஊரே ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்க, ஒரே கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று எழுத்துச் சொன்னேன்.

பாட்டு திரும்பத் தொடங்கியது. ஒட்டிக்கொண்டது. ட்ரம்பெட்டும் கீபோர்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவது போல.

முடிந்ததும் ஞானதாஸ் கேக் தட்டோடு எங்களிடம் வந்தார். "பொய் சொன்னவனுக்குப் பொண்ணு குட்க்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன்" என்றார். செல்வின் கேக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டான். "ஆனா எனக்கோசரம் பாட்டையே ஒரு படி எறக்கிக் குட்த்தவன், வூட்ல என் பொண்ணுகிட்ட எறங்கிப் போவ மாட்டானா இன்னா? ஞாயித்துக்கெழம அம்மா அப்பாவ இட்டாந்து பேசு."

பசை

கீபோர்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. நான்கு முறை ஒட்டி உரித்ததில் கட்டை எல்லாம் பசை. பாண்டி தின்னர் கொண்டுவந்து துடைத்தான். பசை போனது. கூடவே கறுப்புக் கட்டைகளின் கறுப்பும் போனது. இனிமேல் எதற்கு இடது பக்கம் சி என்று யாராலும் சொல்ல முடியாது.

சவுண்டு சர்வீஸ் கடைக்காரர் அதை ஒருமுறைதான் பார்த்தார். "நீங்களே வச்சிக்கங்க" என்றார். விலையும் சொன்னார்.

அதையே கல்யாணப் பரிசாகக் கொடுத்தோம். செலவை மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம், மாப்பிள்ளை உட்பட. கீபோர்டு மூவாயிரத்து அறுநூறு, புத்தகம் இருபது, ஸ்டிக்கர் எட்டு. ஆக மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு ரூபாய்.